கல் குவாரியும் சுரங்கம்தான்: படியில்லாத பாறைச்சுவர் பற்றி

சுரங்கம் என்றதும் நெய்வேலியோ தன்பாத்தோதான் நம் நினைவுக்கு வருகிறது. ஊருக்கு வெளியே ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பாறை உடைக்கிற பள்ளத்தை யாரும் சுரங்கம் என்று சொல்வதில்லை. அது குவாரி, அவ்வளவுதான். பேச்சுவழக்கோடு நின்றால் பரவாயில்லை. குவாரி எடுத்தவர், அங்கே பாறையில் துளைபோடும் ஜாக்ஹேமர் பிடிப்பவர், பக்கத்து வயல்காரர் என்று எல்லாருமே, கல்லை வெளியே கொண்டுபோக கனிமவளத் துறை நடைச்சீட்டு கொடுத்துவிட்டால் சட்டம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். வேலையாளின் உயிரைப் பற்றிப் பேசும் சட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், கனிமம் எடுக்கத் தோண்டும் எந்தப் பள்ளத்தையும் சுரங்கம் என்றே வரையறுத்தது. கட்டடக் கல், சாலை ஜல்லி, செம்புரைக்கல், கிராவல், சாதாரண மணல், சாதாரணக் களிமண் போன்றவற்றுக்கு மட்டும் 3ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. திறந்தவெளிப் பள்ளம் அந்த விலக்கைப் பெற மூன்று நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். மேல்விளிம்பிலிருந்து அடித்தளம் வரை ஆழம் எந்த இடத்திலும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு நாளிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வெடிமருந்து பயன்படுத்தவே கூடாது. ஒன்று தவறினாலும் விலக்கு போய்விடும். பத்துப் பேர் மட்டும் வேலை செய்யும் சின்னக் குவாரியானாலும் ஒரு வேட்டு வைத்துவிட்டால் முழுச் சட்டமும் அதற்குப் பொருந்தும். விலக்கு பெற்ற பள்ளத்திலும்கூட 18 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்க முடியாது. அந்தப் பிரிவுக்கு விலக்கே இல்லை. இன்று வெடி வைக்காமல், 6 மீட்டருக்குள் ஓடும் பாறைக் குவாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எந்த அலுவலகம் எதைப் பார்க்கிறது என்பதில்தான் பெரிய குழப்பம். குத்தகை, சீனியரேஜ் என்ற கனிமக் கட்டணம், எத்தனை கனமீட்டர் எடுக்கலாம் என்ற அளவு, நடைச்சீட்டு இவையெல்லாம் மாவட்ட ஆட்சியரும் மாநிலக் கனிமவளத் துறையும் பார்ப்பவை. வெடிமருந்து உரிமம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பிடம். வேலையிடப் பாதுகாப்பு மட்டும் டி.ஜி.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் பொறுப்பு. 1902இல் தொடங்கிய துறை அது. தலைமையகம் தன்பாத்தில், சென்னையிலும் அலுவலகம் உண்டு. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருவது. ஆபத்தான பாறைச்சுவரைப் பற்றி வட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், அதிகமாகக் கல் எடுத்தார்களா என்று அளந்து அபராதம் போடுவார்கள். சுவர் அப்படியே நிற்கும். மனு போக வேண்டிய இடம் வேறு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல், பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 1952 சட்டம் அதற்குள் போய்விட்டது. அதன் கீழ் எழுதப்பட்ட விதிமுறைகள், புதியவை அந்த இடத்துக்கு வரும்வரை, தொகுப்போடு முரண்படாத அளவுக்குத் தொடர்கின்றன. கல் குவாரிக்கு அன்றாடம் கைக்கொள்ள வேண்டிய நூல் 1961ஆம் ஆண்டின் உலோகக் கனிமச் சுரங்க ஒழுங்குமுறைகள்தான். பெயரில் உலோகம் இருப்பதால் நமக்கில்லை என்று விட்டுவிடாதீர்கள். நிலக்கரியும் எண்ணெயும் தவிர மற்ற சுரங்கங்களுக்கெல்லாம் அதுவே.

அந்த நூலில் ஒரே ஒரு விதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் 106ஐப் படியுங்கள். கடினப் பாறையில் பள்ளம் படிப்படியாக இறங்க வேண்டும். ஒரு படியின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக் கூடாது. சரிவு கிடைமட்டத்திலிருந்து 60 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. மேலே கிடக்கும் மண், கிராவல், உக்கிய பாறை போன்ற இளகிய அடுக்குக்கு இன்னும் கடுமை: 45 பாகைக்கு மேல் சரிவு கூடாது, இல்லாவிட்டால் 1.5 மீட்டர் படிகள். விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரமோ தளர்ந்த கல்லோ குப்பையோ இருக்கக் கூடாது. அடியைக் குடைந்து, மேலே பாறை தொங்கும்படி விடவே கூடாது. இயந்திரம் வைத்து இதைவிட உயரமான படி வெட்ட வேண்டுமென்றால் 106(2)(ஆ) விதியின் கீழ் டி.ஜி.எம்.எஸ்.ஸிடம் எழுத்தில் தளர்வு வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு நிபந்தனைகளும் வரும்.

தமிழ்நாட்டில் சுரங்கத் திட்டங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்றுதான் படி வரைந்திருப்பார்கள். வரைபடம் அழகாக இருக்கும். களத்தில் போய் நின்றால் நாலு பக்கமும் செங்குத்துச் சுவர். இந்த இடைவெளி ஏன் வருகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

ஒரு ஹெக்டேர், அதாவது 100க்கு 100 மீட்டர் சதுர நிலம் என்று வையுங்கள். பக்கத்துப் பட்டா நிலத்துக்கு விட வேண்டிய 7.5 மீட்டரை எல்லாப் பக்கமும் விட்டால் 85க்கு 85 மீட்டர் மிஞ்சும். சுவரைச் செங்குத்தாகவே வெட்டி 40 மீட்டர் இறங்கினால் கிடைப்பது 2,89,000 கனமீட்டர். அதே 40 மீட்டருக்கு 5 மீட்டர் படி வைத்து இறங்கினால், ஒவ்வொரு படிக்கும் நீளத்திலும் அகலத்திலும் 10 மீட்டர் சுருங்கும். 85, 75, 65 என்று குறைந்து எட்டாவது அடுக்கில் 15 மீட்டர் சதுரம்தான் மீதி. மொத்தம் 1,21,000 கனமீட்டர். 60 பாகைச் சரிவையும் சேர்த்தால் இன்னும் குறையும். படி வைத்தால் பாதிக்கு மேல் கல் பூமியிலேயே நின்றுவிடுகிறது. குத்தகை ஏலத்தில் பணம் கட்டும்போது பலர் செங்குத்துச் சுவரை மனதில் வைத்தே கணக்குப் போடுகிறார்கள். பிறகு படி வெட்டச் சொன்னால் நஷ்டம் என்கிறார்கள். படிக்கான கல்லைக் கழித்துத்தான் அந்த நிலத்தின் விலை. சின்ன நிலத்தில் ஆழமாகப் போக முடியாது என்பது சட்டம் மட்டுமல்ல, எளிய வடிவக்கணக்கும்தான். சின்னச் சின்னக் குத்தகைகளாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இந்த ஆசையை வளர்க்கிறது என்பது என் உறுதியான கருத்து.

படி என்ன செய்கிறது? பாறை எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் தளங்கள் ஓடும். ஒரு தளம் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்து, அதன் அடிப்பாகத்தை நாம் வெட்டி எடுத்துவிட்டால், மேலே இருக்கிற மொத்தப் பாளத்தையும் பிடித்துக்கொள்வது அந்தத் தளத்தின் உராய்வு மட்டும்தான். மழைநீர் விரிசலில் இறங்கினால் நீரழுத்தம் பாளத்தை வெளியே தள்ளும், உராய்வும் குறையும். ஒவ்வொரு வேட்டும் துளைக்குப் பின்னால் இருக்கும் பாறையிலும் புது விரிசலை உண்டாக்கும். இவை ஒன்றுசேரும் நாள் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கனமீட்டர் கருங்கல் 2.6 டன்னுக்குக் குறையாது. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். தலைக்கவசம் சில்லுக் கல்லுக்குத்தான் உதவும், இதற்கல்ல. படி இருந்தால் சரிவது ஒரு படியளவோடு அடங்கும், தளர்ந்த கல் 5 மீட்டர் விழுந்து அடுத்த படியில் நின்றுவிடும்.

படிக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. 2022 மே 14 இரவு திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். மீட்பு வேலை நாள்கணக்கில் நீண்டது. மேலிருந்து மறுபடி மறுபடி கல் சரிந்ததால் மீட்புக்குழுவே உள்ளே நிற்க முடியாமல் நிறுத்தி நிறுத்தித்தான் வேலை செய்தது. 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டையிலும் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆழமான பள்ளத்தில் படி இல்லையென்றால், விழுந்தவரைத் தூக்கப் போகிறவருக்கும் நிற்க இடம் இல்லை.

சரி, படி இருக்கிறது. அதன்பிறகு தினமும் செய்ய வேண்டியது சுவரைத் தட்டிப் பார்ப்பது. ஷிப்ட் தொடங்கும்முன், ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும், மழை பெய்து ஓய்ந்ததும் இதைச் செய்ய வேண்டும். பார்ப்பவர் மேட் அல்லது ஃபோர்மேன் என்ற மேற்பார்வையாளர் சான்றிதழ் உள்ளவராக இருக்க வேண்டும். கடப்பாரையால் தட்டினால் கெட்டிப் பாறை கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்திருந்தால் பொத்தென்று அடங்கும். அப்படிப்பட்ட கல்லை மேலிருந்து கீழ்நோக்கி, பாதுகாப்பு பெல்ட்டும் கயிறும் கட்டிக்கொண்டு, கீழே ஒருவரும் இல்லாதபோது தள்ள வேண்டும். கீழே நின்று மேல் கல்லை நெம்புவது, கல் தள்ளும்போது கீழே டிப்பர் நிற்பது, இரண்டும் அடிக்கடி நடப்பவை, இரண்டும் ஆளைக் கொல்பவை. ஹிட்டாச்சியின் கை எட்டாத உயரத்துக்குச் சுவரை விட்டால் தளர்ந்த கல்லை இயந்திரத்தாலும் இறக்க முடியாது. அப்புறம் ஓட்டுநர் அடியைத் தோண்டி மேலே உள்ளதைத் தானாக விழவைப்பார். குடைவு கூடாது என்று விதி சொல்வது இதைத்தான். பார்த்ததைப் பதிவேட்டில் தேதி, நேரம் போட்டு எழுதிக் கையெழுத்து இட வேண்டும். ஒரு வாரத்துக்கும் ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதிய பதிவேட்டை டி.ஜி.எம்.எஸ். ஆய்வாளர் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிடுவார்.

டிப்பர் பாதையைப் பற்றிச் சுருக்கமாக: வழக்கமாக விதிக்கப்படும் சரிவு 16 மீட்டருக்கு 1 மீட்டர். குறுகிய ஏற்றத்தில் மட்டும் 10க்கு 1. பள்ளத்தின் பக்கம் கனமான மண்கரை வேண்டும். கல்லை வரிசையாக அடுக்கி வெள்ளையடிப்பது கரை ஆகாது, லாரி அதைத் தள்ளிக்கொண்டே இறங்கிவிடும். பின்னோக்கி வரும்போது ஒலி எழுப்பும் கருவி வேலை செய்ய வேண்டும்.

இனி வேட்டு. வெடி வைப்பவருக்கு அதற்கான தகுதியைக் காட்டும் பிளாஸ்டர் (blaster) சான்றிதழ் இருக்க வேண்டும். உரிமம் உள்ள நிறுவனத்திலிருந்து வேன் வந்தால் மட்டும் போதாது. வெடிக்கும் இடத்தைச் சுற்றி 300 மீட்டர் ஆபத்து வட்டம். அந்த வட்டம் முழுக்கக் கேட்கும்படி எச்சரிக்கை கொடுத்து, உள்ளே இருக்கும் எல்லாரும் தகுந்த மறைவிடத்துக்குப் போனதை உறுதி செய்த பிறகே வெடிக்க வேண்டும். சைரன் அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வட்டத்தின் ஒவ்வொரு வழியிலும் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்க வேண்டும். ஆடு மேய்ப்பவருக்கு உங்கள் சைரனின் பொருள் தெரியாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளருக்கு, எத்தனை ஊதல் எதற்கு என்று அவரவர் மொழியில் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

கல் பறப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். துளைக்கும் சுவர்முகத்துக்கும் இடையே பாறை மெலிதாக இருப்பது முதல் காரணம். அந்தத் தூரம் துளை விட்டத்தைப் போல் 25 முதல் 35 மடங்கு இருக்க வேண்டும், அதாவது 32 மில்லிமீட்டர் துளைக்கு 0.8 முதல் 1.1 மீட்டர் வரை. துளையின் வாயில் அடைப்பு குறைவாக இருப்பது இரண்டாவது. மருந்தை அரை அடி கூட்டிப் போட்டுவிட்டு, மேலே ஒரு கைப்பிடி மண்ணைத் தூவினால் துளை துப்பாக்கிக் குழல் ஆகிவிடும். மூன்றாவது, பாறைக்குள் ஓடும் உக்கிய அடுக்கு. அழுத்தம் அந்த வழியாகப் பீய்ச்சும். துளை போடும்போதே ஜாக்ஹேமர் திடீரென்று சறுக்கி இறங்கினால் அங்கே அப்படி ஓர் அடுக்கு இருக்கிறது என்று பொருள். துளை போட்டவர் அதை வெடிக்காரரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் திணிக்க மரக்குச்சி மட்டும்தான். இரும்புக் கம்பி கூடவே கூடாது.

வெடிக்காத வேட்டுதான் குவாரியின் மிகப் பெரிய பயம். வைத்த துளை எத்தனை, கேட்ட வெடி எத்தனை என்று எண்ணியாக வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தை அடைத்துவிட்டு, விதித்த நேரம் கழிந்தபிறகே போக வேண்டும். வெடிக்காத துளையிலிருந்து மருந்தை நோண்டி எடுக்கக் கூடாது. அதற்கு இணையாக, எந்தப் புள்ளியிலும் 30 சென்டிமீட்டருக்கு நெருங்காமல், புதிய துளை போட்டு வெடித்து விடுவிக்க வேண்டும். பிறகு சிதறிய கல்லில் மருந்தும், அதை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டரும் கிடக்கிறதா என்று தேட வேண்டும். வெடித்து முடிந்த துளையின் அடிக்குழி பாறையில் நிற்கும். அதை சாக்கெட் என்பார்கள். புதுத் துளை தொடங்க உளி வழுக்காமல் உட்காரும் என்பதால் துளைபோடுபவருக்கு அந்தக் குழி மேல் ஒரு கண் இருக்கும். அதன் அடியில் வெடிக்காத மருந்து மிச்சம் இருக்கலாம். சாக்கெட்டில் துளை போடக் கூடாது என்ற விதி அதனால்தான் வந்தது. டெட்டனேட்டரையும் வெடிமருந்தான ஜெலட்டின் குச்சியையும் ஒரே பெட்டியில் தூக்கிப் போவதும் அதே வகை அவசரம். விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூரில் 2024 மே 1 அன்று மூன்று பேர் இறந்தது பாறை உடைக்கும்போது அல்ல, வாகனத்திலிருந்து வெடிபொருளைக் கையாளும்போது.

தூசியால் வரும் சாவுக்கு சத்தம் இல்லை, அதனால் செய்தியும் இல்லை. கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற சிலிகா கனிமம் உண்டு. உலர்துளை போடும்போது எழும் வெண்புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடி வரை போகும். முகத்தில் கட்டிய துண்டு பெரிய தூசியைத்தான் தடுக்கும். அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் பத்து இருபது ஆண்டு கழித்துத் தெரியும்போது அந்த ஆள் வேறு குவாரியிலோ சொந்த ஊரிலோ இருப்பார், மருத்துவர் காசநோய் என்று மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார். தீர்வு எளிது: துளையில் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைப்பது, இல்லாவிட்டால் தூசியை உறிஞ்சும் கருவியோடு கூடிய டிரில். கிரஷரின் வாயிலும் பெல்ட் விழும் இடத்திலும் நீர்த்தூவல். வேலையில் சேரும்போதும், பழைய சுரங்க விதிகளின்படி 5 ஆண்டுக்கு ஒருமுறையும், மார்பு எக்ஸ்ரேயோடு மருத்துவப் பரிசோதனை கட்டாயம், செலவு முதலாளியுடையது. சேரும்போது எடுத்த எக்ஸ்ரேயின் நகலைத் தொழிலாளி கையில் வைத்திருக்க வேண்டும். பின்னால் நோய் எங்கே வந்தது என்ற கேள்விக்கு அதுதான் சாட்சி. காலணியும் தலைக்கவசமும் இலவசம். அதற்காகக் கூலியில் பிடிப்பது சட்டமீறல்.

இத்தனைக்கும் பொறுப்பான ஆள் ஒருவர் இருக்கிறார், மேலாளர். தகுதிச் சான்றிதழோடு எழுத்தில் நியமிக்கப்பட்டு அன்றாடம் நேரில் மேற்பார்வை செய்ய வேண்டியவர். சான்றிதழை மட்டும் வாடகைக்கு விட்டு, மாதம் ஒருமுறை கையெழுத்துப் போட வருகிற மேலாளர்களால்தான் மேலே சொன்ன எல்லா விதிகளும் காகிதத்திலேயே நின்றுவிடுகின்றன. வெறும் சம்பிரதாயம் என்று அந்த வேலையை ஏற்பவர் ஒன்றை யோசிக்க வேண்டும். விபத்து நடந்தால் வழக்கில் அவர் பெயரும் இருக்கும். புதிய தொகுப்பின் 103ஆம் பிரிவின்படி, கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுக்குக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

தொழிலாளிக்கு அதே தொகுப்பின் 14ஆம் பிரிவு முக்கியம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் முதலாளியிடம் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். கைபேசியில் எடுத்த, தேதியோடு கூடிய படம் ஒன்று, சுவரின் உயரம் தெரியும்படி பக்கத்தில் ஹிட்டாச்சி நிற்கிற மாதிரி, நீண்ட மனுவைவிட வேகமாக வேலை செய்யும். மனுவில் குவாரியின் சர்வே எண், கிராமம், வட்டம் மூன்றும் இருக்க வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் இடத்தைக் கலைக்கக் கூடாது. ஆளைக் காப்பாற்றவும் உடலை எடுக்கவும் மேலும் விபத்தைத் தடுக்கவும் மட்டுமே அனுமதி. பழைய சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆய்வாளர் வராவிட்டால் 72 மணி நேரம் கழித்தே வேலையை மீண்டும் தொடங்கலாம் என்றது. அன்றிரவே ஹிட்டாச்சி விட்டு சரிவை வாரி, அவசரமாக இரண்டு படி வெட்டி வைக்கும் வேலை தடயத்தை அழிப்பதுதான்.

இழப்பீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மருத்துவமனை வாசலிலேயே முத்திரைத்தாளோடு ஆள் வந்து நிற்பார். 2025 நவம்பர் 21 வரை தனியாக இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு, மரணத்துக்கு மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்குவதாக இருந்தது. 2020 ஜனவரியிலிருந்து கூலியின் உச்சவரம்பை 15,000 ரூபாயாக எடுத்துக் கணக்கிட்டார்கள். இறந்தவருக்கு 30 வயது என்றால் காரணி 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஒப்பந்தக்காரர் வழியாக வந்த ஆள் என்றாலும் குவாரி நடத்துபவரிடமே கேட்கலாம். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் செல்லாது. வாசலில் இரண்டு மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட குடும்பமும் இழப்பீட்டுக்கான அதிகாரியிடம் போகலாம். வேலை செய்தார் என்பதற்கான சான்றுதான் அங்கே முதலில் கேட்கப்படும். நியமனக் கடிதம் கொடுப்பது புதிய தொகுப்பில் கட்டாயம். அது கிடைக்காதவர் வருகைப் பதிவேட்டில் தன் பெயர் இருக்கும் பக்கத்தின் படத்தையும், கூலி வந்த வங்கிக் கணக்கின் விவரத்தையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.